கைக்கு அடங்கிய செலவில், நாலு பேர் துணையோடு ஒரு கல்யாணம்: செய்முறை

ஏற்பாட்டை மொத்தமாக யாரிடமும் ஒப்படைக்காமல், வீட்டாரும் நண்பர்களும் சேர்ந்து நடத்தப்போகும் கல்யாணத்துக்கான பதிவு இது. தேதி முடிவாகிவிட்டது, கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மேடை அலங்காரம், துணிமணி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் கல்யாணத்தில் பணத்தைச் சமாளிப்பதைவிட உதவிக்கு வந்தவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அதனால் மூன்றாவது படி மட்டும் நீளமாக இருக்கும்.

படி 1: தலைக்கணக்கு

செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஆள் கூடினால் கூடுகிற செலவு ஒரு வகை: சாப்பாடு, நாற்காலி, வெளியூர்க்காரர்கள் தங்க இடம். யார் வந்தாலும் வராவிட்டாலும் மாறாதது இன்னொரு வகை: மண்டப வாடகை, படம் எடுப்பவர், உடை. செலவைக் குறைக்கிறேன் என்று பலர் இரண்டாவது வகையிலேயே பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். 250 பேர் பட்டியலில் 50 பேரைக் குறைத்தால் முதல் வகை முழுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே மிச்சம். அதோடு சின்ன இடமே போதும் என்று ஆனால் வாடகையும் இறங்கும். எனவே முதல் வேலை பட்டியல். மண்டபம் பார்க்கப் போவது அதற்குப் பிறகு.

கூகுள் ஷீட்ஸில் (இணையத்தில் பலர் சேர்ந்து எழுதக்கூடிய கணக்குத் தாள்) ஒரு வரிசைக்கு ஒரு குடும்பம் என்று போடுங்கள். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், யார் பக்கம், யார் அழைக்கிறார், வருகிறார்களா என்று ஐந்து கட்டம் போதும். கடைசிக் கட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று எழுதாமல் இருக்க டிராப்டவுன், அதாவது தேர்ந்தெடுக்கும் பட்டியல், வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க கவுண்ட்இஃப் (COUNTIF) சூத்திரம் போட்டால் அது வரிசைகளைத்தான் எண்ணும். 80 குடும்பம் வருகிறது என்பதை 80 பேர் என்று காட்டும். தலைகளைக் கூட்ட சம்இஃப் (SUMIF) வேண்டும். அதிலும் யாராவது 4 என்று எழுதாமல் ‘4 பேர்’ என்று எழுதிவிட்டால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது, எச்சரிக்கையும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி: எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாலே இடப்பக்கம் ஒதுங்கியவை தெரிந்துவிடும்.

படி 2: பணத் தாள்

இதை நீட்ட வேண்டாம். மொத்தத் தொகையை 100 பங்காக வைத்து, அதில் 10 பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பத்து இல்லை என்று நினைத்துக்கொண்டு மீதித் தொண்ணூறுக்குத் திட்டம் போடுங்கள். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைப் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே எழுதி, அதற்குத் ‘திட்டமிடல் மாயை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். செலவுக்கும் இது பொருந்தும், நீங்கள் மட்டும் விதிவிலக்கு இல்லை.

ஒவ்வொரு செலவுக்கும் மதிப்பீடு, பேசி முடித்தது, இதுவரை கொடுத்தது, பாக்கி எப்போது என்று நான்கு கட்டங்கள். பேசி முடிக்கும்போது, சொன்ன தொகையில் வரி, வண்டிக்கூலி, நேரம் நீண்டால் கூடுதல், சுத்தம் செய்யும் கூலி எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு செய்தியாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் பேசியது கடைசி நாளில் இருவருக்கும் இருவிதமாக ஞாபகம் இருக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் பணம் தருவதாகச் சொன்னால் மூன்று விஷயத்தை அன்றைக்கே பேசிவிடுங்கள்: அன்பளிப்பா கடனா, மொத்தத்துக்கா ஒரு குறிப்பிட்ட செலவுக்கா, அதற்குப் பதிலாகப் பட்டியலில் யாராவது சேர வேண்டுமா. மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் பட்டியலில் முப்பது பேர் கூடி, தந்த தொகையைவிட அதிகமாக அந்த முப்பது பேருக்கே செலவாகும்.

படி 3: உதவியை வேலையாக மாற்றுவது

‘எதுனாலும் சொல்லு, நான் இருக்கேன்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் ‘எதுனாலும்’ என்பதை வைத்து நாம் எதையும் கொடுக்க முடியாது, அவர்களாலும் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ‘யாராவது நாற்காலிக் கடையில் விசாரிக்க முடியுமா?’ என்று போட்டுப் பாருங்கள். கட்டைவிரல் ஏழெட்டு வரும், நாற்காலி வராது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். கயிறு இழுப்பதை அளந்தே பார்த்தவர் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்கள் சேரச் சேர ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததைவிடக் குறைவாக இழுக்கிறார்கள் என்று 1913-ல் வெளியிட்டார். குடும்பக் குழுவில் நடப்பதும் இதேதான். ஆகவே ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர். துணைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒருவர்.

அந்த ஒருவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். தாளிலோ தனிச் செய்தியிலோ. நான் அனுப்பிய மாதிரி ஒன்று:

‘அண்ணா, நாற்காலி வேலை உங்களுடையது. 220 நாற்காலி, 12 மேசை. முந்தின நாள் மாலை 5 மணிக்குள் வந்து இறங்கணும். இவ்வளவு ரூபாய்க்குள் முடித்தால் என்னைக் கேட்க வேண்டாம், நீங்களே சரி சொல்லிடுங்க. அதைத் தாண்டினால் மட்டும் கூப்பிடுங்க. முன்பணம் இன்றைக்கே அனுப்புறேன். திருப்பி எடுத்துப்போகும்போது எண்ணிக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.’

இதில் முக்கியமான வரி ‘என்னைக் கேட்க வேண்டாம்’ என்பது. எல்லை சொல்லாமல் வேலை கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குப் போன் வரும். அப்புறம் அது உதவியே இல்லை. அல்லது, நம் பிள்ளை கல்யாணம், குறை வைக்கக் கூடாது என்று பாசத்தில் இன்னும் நல்லதாக, இன்னும் விலை கூடியதாக எடுத்துவிடுவார்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இந்தப் பாசத்தில்தான். அவரைக் கடிந்துகொள்ளவும் முடியாது. எல்லையை முதலிலேயே எண்ணாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

முன்பணமும் அப்படித்தான். ‘முதல்ல நீங்க போடுங்க, அப்புறம் தர்றேன்’ வேண்டவே வேண்டாம். போட்டவர் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவார், நீங்கள் எவ்வளவு என்று தெரியாமல் தவிப்பீர்கள், பணத் தாளில் அந்த வரி காலியாகவே இருக்கும். முன்கூட்டியே கொடுத்து, ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரசீது கேட்பது நம்பிக்கையின்மை என்று யாராவது முகம் சுளித்தால், ‘தாளில் ஏற்றணும்’ என்று தாளின் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

எந்த வேலையைச் சொந்தக்காரரிடம் கொடுக்கலாம், எதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும்? நான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்பேன்: இவருக்கு அன்று காய்ச்சல் வந்துவிட்டால் என்ன ஆகும்? ‘வேறொருவர் பார்த்துக்கொள்வார்’ என்றால் தாராளமாகக் கொடுங்கள். வரவேற்பு, வண்டி ஏற்பாடு, அழைப்பிதழ் எழுத்து வேலை, ஒலிபெருக்கிக்குப் பாட்டுப் பட்டியல் எல்லாம் இதில் வரும். ‘கல்யாணமே நின்றுவிடும்’ அல்லது ‘மறுபடி செய்ய முடியாது’ என்றால் பணம் கொடுத்துவிடுங்கள். பெரிய கூட்டத்துக்குச் சமையலும் முக்கியமான நேரத்துப் படங்களும் இந்த வகை. நண்பன் நன்றாகப் படம் எடுப்பான் என்றாலும், அன்று அவன் விருந்தாளியாக உட்காரட்டும் என்பது என் கட்சி. தொழிலாகவே செய்பவர் நண்பராக இருந்தால் ‘உன் கட்டணம் எவ்வளவு?’ என்று முதலில் கேளுங்கள். குறைப்பதும் விடுவதும் அவர் விருப்பம். இலவசம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துக் கேளுங்கள். சிலரிடம் நேரம் இருக்கும், சிலரிடம் வண்டி, சிலருக்கு அந்த வட்டாரத்தில் எல்லாரையும் தெரியும். நடக்க முடியாத பாட்டியிடமும் அத்தையிடமும் அழைக்கும் பட்டியலைக் கொடுத்துவிடலாம். நாம் நூறு செய்தி அனுப்பினாலும் வராத பதில், அத்தை ஒரு போன் போட்டால் வந்துவிடும், மூன்று தலைமுறைக் கதையோடு.

வேண்டாத உதவியை மறுப்பதும் ஒரு வேலை. ‘மேடை அலங்காரம் நான் பார்த்துக்கிறேன், பிரமாதமா பண்ணிடலாம்’ என்று வரும் மாமாவிடம் ‘வேண்டாம்’ என்றால் வருத்தம். ‘மாமா, அதுக்கு ஏற்கெனவே ஆள் பேசியாச்சு. பெரியவங்களை வாசலில் வரவேற்று உட்கார வைக்க உங்களை மாதிரி ஒருத்தர்தான் வேணும்’ என்றால் வேலை முடிந்தது. அலங்காரத்துக்கு நிஜமாகவே முன்கூட்டி ஆள் பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: செய்தி போய்ச் சேருகிறதா

எல்லாரையும் ஒரே குழுவில் போட்டால் வாழ்த்து, பூப்படம், காலை வணக்கம் நடுவே நேரமும் இடமும் புதைந்துபோகும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். தூரத்துச் சொந்தத்தில் பலர் உங்கள் எண்ணை வைத்திருக்க மாட்டார்கள். அப்பா அம்மா எண்தான் இருக்கும். எனவே பெற்றோர் தலைமுறை ஆட்களுக்கு அவர்கள் போனிலிருந்தே அனுப்புங்கள். ஒற்றை டிக்கிலேயே நிற்பவர்களைக் குறித்து வைத்து, அத்தையின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

உதவுபவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் குழு. அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அன்றைய ஓட்டம்

மாறாத நேரம் ஒன்றைப் பிடித்து அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள். 10 மணிக்கு நிகழ்ச்சி என்றால் 9:30-க்கு இருவரும் தயார், 7-க்கு ஒப்பனை ஆரம்பம், 6:30-க்கு வண்டி என்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். பெயரோடு அச்செடுத்துத் தாளாகக் கொடுங்கள். அன்று யாரும் போனில் ஷீட் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பாக்கிப் பணத்தை ஆளுக்கொரு உறையில் போட்டு, மேலே பெயர், தொகை, எப்போது தர வேண்டும் என்று எழுதி, மேடை ஏறாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் இருவர் போனும் அவரிடமோ வேறொருவரிடமோ இருக்கட்டும். உதவுபவர்கள் எப்போது சாப்பிடுவார்கள் என்பதையும் தாளில் ஒரு வரியாகப் போடுங்கள். போடாவிட்டால் கடைசிவரை சாப்பிடாமல் நிற்பவர்கள் அவர்கள்தான்.

படி 6: மறுநாள்

வாடகைச் சாமான்களை எண்ணித் திருப்புவது, வைப்புத்தொகை வாங்குவது, யாருக்காவது தர வேண்டியதை முடிப்பது. இதற்கும் கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெயர் எழுதுங்கள். மறுநாள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விருந்தினர் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் கேட்டால் சுருங்கி வரும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஒரு பகிர்வு ஆல்பம் திறந்து இணைப்பைக் கொடுங்கள். கூகுளில் இலவச இடம் 15 ஜிபிதான், அதில் உங்கள் மின்னஞ்சலும் அடக்கம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

‘வேலையை ஏற்றுக்கொண்டவர் பாதியில் காணாமல் போனால்?’ சீட்டில் ஒரு இடைத் தேதி போடுங்கள். ‘20-ம் தேதிக்குள் கடை முடிவாகவில்லை என்றால் நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு திரும்ப வாங்குவது சுலபம்.

‘இரண்டு வீட்டாரும் ஷீட்டில் கைவைத்து, பெயர்கள் அழிந்துபோகின்றன.’ எடிட்டர் உரிமையை (திருத்தும் உரிமை) வீட்டுக்கு ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், மற்றவர்களுக்கு கமெண்ட் உரிமை போதும். அழிந்ததை வெர்ஷன் ஹிஸ்டரியில் (தாளின் பழைய பதிப்புகள் இருக்கும் இடம்) பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். யார் அழித்தார்கள் என்பதும் அதில் தெரியும்; தெரிந்ததை வெளியே சொல்லாதீர்கள்.

‘அப்பாவுக்கு ஷீட் வராது, நோட்டுதான்.’ நோட்டே இருக்கட்டும். தினமும் இரவு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி, நீங்கள் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.