ஒரே பக்கத்தில் ஒரு நிலவறை: போட்டிக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஒரு பக்க டஞ்சன் போட்டி’ 2009இல் தொடங்கியது. பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளின் ரசிகர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட போட்டி இது. நிபந்தனை ஒன்றுதான் பெரியது: ஒரு சாகசம் முழுவதும், வரைபடம் உட்பட, ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். “கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் நடத்துபவர் சொல்ல வேண்டும், முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். டஞ்சன் என்பது அவர்கள் துணிந்து நுழையும் நிலவறை, குகை, பாழடைந்த கோட்டை எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே போட்டிக்கு நாம் அனுப்பும் பக்கத்தின் உண்மையான வாசகர் நடுவர் அல்லர். ஏதோ ஓர் ஊரில், நாலைந்து நண்பர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசப்போகும் ஒருவர். நான் பார்த்தவரை, ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் அவரை மறந்ததால் வருபவை.

முதல் தவறு முன்கதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட மன்னன், அவனுடைய துரோகத் தம்பி, பூசாரியின் சாபம் என்று பக்கத்தின் மேல் பாதி போய்விடும். எழுதியவருக்கு அது அருமையான கதை. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு அதை யார் சொல்வது? நிலவறைக்குள் இருக்கும் எலும்புக்கூடு வரலாறு பேசாது. முன்கதையை வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையால் தொடக்கூடிய பொருளாக அதை மாற்றுங்கள். ஓர் உதாரணம் பாருங்கள்.

“4. உப்பு அறை. இது முன்பு அரண்மனைக் கிடங்காக இருந்தது. கலகத்தின்போது இங்கே ஒளிந்த இளவரசனைக் கொன்று மறைத்தார்கள். அவன் ஆவி இன்னும் அமைதி அடையவில்லை.”

இதை மேசையில் வாசித்தால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“4. உப்பு அறை. பன்னிரண்டு மூட்டை உப்பு. பதினொன்று காய்ந்திருக்கிறது, ஒன்றில் ஈரம். உள்ளே வாடாத ஒரு கை, விரலில் அரச முத்திரை மோதிரம். மோதிரத்தைக் கழற்ற முயன்றால் விரல்கள் மடங்கி இறுகும்.”

இளவரசன் எங்கும் போய்விடவில்லை. ஆனால் இப்போது அவனைக் கண்டுபிடிப்பவர்கள் ஆட்டக்காரர்கள். மோதிரத்துக்காக விரலை வெட்டலாமா, கையை எடுத்துப்போய் அடக்கம் செய்யலாமா என்று அவர்களே வாதிடுவார்கள். அந்த வாதம்தான் ஆட்டம்.

அடுத்தது வரைபடம். இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். முதல் அறை, பிறகு இரண்டாம் அறை, பிறகு மூன்றாவது என்று கயிற்றில் மணி கோத்தாற்போல வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் ஆட்டக்காரர்களுக்கு இருக்கும் ஒரே தேர்வு, முன்னே போவதா திரும்பி வருவதா என்பதுதான். ஜெனல் ஜாக்வேஸ் என்ற வடிவமைப்பாளர் 1970களின் இறுதியிலேயே இதற்கு வழிகாட்டிவிட்டார். அவருடைய நிலவறைகளில் உள்ளே நுழையப் பல வாசல்கள் இருக்கும். பாதைகள் வளைந்து ஒன்றையொன்று சந்திக்கும். கீழ்த் தளத்துக்கு இறங்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கும். அப்படி வரைவதற்கே அவர் பெயரால் ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் உருவாகிவிட்டது. 2024இல் அவர் காலமானார்.

ஒரு பக்கத்தில் இதற்கு இடம் எங்கே என்று கேட்கலாம். ஆறு அறை போதும். முதல் அறையையும் ஐந்தாவதையும் இணைக்கும் ஒரு கிணறு, இரண்டையும் நான்கையும் இணைக்கும் ஒரு புகைபோக்கி, இரண்டே கோடுகள். காவலாளியிடம் மோதாமல் அவன் முதுகுப்புறமாக வந்து நிற்க ஒரு வழி பிறந்துவிடும். ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்கும் தருணத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி நேர்கோட்டில் வரைய மாட்டார்கள்.

வழிகளைத் திறந்துவிட்டு, முக்கியமான ஒன்றை ஒரே பகடைக்குப் பின்னால் பூட்டி வைப்பதும் நடக்கிறது. ரகசியக் கதவு இருக்கும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் சாகசம் அங்கேயே நின்றுவிடும். பகடை சரியாக விழாத அன்று நடத்துபவர் என்ன செய்வார்? கதவு ரகசியமாகவே இருக்கட்டும், ஆனால் தரையில் தேய்ந்த கால்தடம், சுவரிலிருந்து வரும் குளிர்காற்று, மூன்றாம் அறைக் கைதி உளறும் ஒரு வார்த்தை என்று குறிப்புகளைப் பல இடங்களில் விதையுங்கள்.

எழுத்தின் அளவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இருபது பக்கச் சாகசத்தை ஆறு புள்ளி அளவுள்ள பொடி எழுத்தில் நெருக்கி அடைத்தால் அது ஒரு பக்கச் சாகசம் ஆகிவிடாது. பக்கத்தை ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டால் வரைபடத்தைத் திருத்துங்கள். ஒவ்வொரு அறையின் குறிப்பும் வரைபடத்தில் அந்த அறைக்குப் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

உரிமம் பற்றிய தவறு கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் பெரியது. இந்தப் போட்டியின் படைப்புகள், பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடுக, அவ்வாறே பகிர்க’ உரிமத்தில் வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் அவற்றை நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரைச் சொல்லி, மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். எங்கிருந்தோ எடுத்த ஓவியத்தை இதில் ஒட்டினால், உங்களுடையது அல்லாத ஒன்றை ஊருக்கே தானம் செய்ததாக ஆகிவிடும். சொந்தக் கையால் வரைந்த கோணல் கோடு ஆயிரம் மடங்கு மேல். இதே உரிமம் நமக்கு ஒரு வாசலையும் திறக்கிறது: பிடித்த ஒரு பக்கத்தை எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்காமல், தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாம். போட்டிக்கு எழுதப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தூக்கி நிறுத்திப் பார்க்கும்போது எது பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

கடைசியாக, ஆடிப் பார்க்காமல் அனுப்புவது. நீங்களே நடத்திப் பார்த்தால் போதாது. தாளில் விட்டுப்போனதை உங்கள் நினைவு நிரப்பிவிடும். இன்னொருவரிடம் தாளைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் படிக்க விட்டு, அவரையே நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். ஆட்டக்காரர் ஒருவர் கேள்வி கேட்டதும் நடத்துபவரின் விரல் தாளில் மேலும் கீழும் அலையும். அது எந்த அறையில் அலைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.