மெனு என்ன வகை என்று பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்

தேயிலைத் தோட்டத்து ஆபிஸ்களில் செக்ரோல் (ஆட்களின் பேர், சம்பளக் கணக்கு), கொழுந்துக் கணக்கு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்று மாசா மாசம் அதே மெனுவைத் திறந்து அதே ரிப்போர்ட்டை எடுக்கிற வேலை நிறைய. பத்தாம் திகதி சம்பளத்துக்கு முந்திய கிழமையில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இந்த வேலையில் இருக்கிற ஒருவர், கீபோர்ட், மவுஸ் வேலைகளை ஸ்கிரிப்ட் எழுதித் தானாக ஓட வைக்கும் ஓட்டோஹொட்கீ என்ற புரோகிராமைப் பழகினால் பெரிய பாரம் குறையும். ஆனால் மெனு என்று வந்ததும் பலரும் மவுஸ் போய் நிற்க வேண்டிய இடத்தை எண்ணாகக் கொடுத்து கிளிக் பண்ண வைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். விண்டோ கொஞ்சம் நகர்ந்தாலும் கிளிக் வேறெங்கோ விழும், செக்ரோலில் அப்படி விழுந்தால் யாரோ ஒருவருடைய முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேர் ஆகிவிடும்.

பார்வைக்கு எல்லா மெனுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே அப்படி இல்லை. விண்டோஸே வைத்திருக்கிற மெனு ஒன்று, புரோகிராம் தானே வரைந்து காட்டுகிற மெனு இன்னொன்று. எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டோஹொட்கீயோடு வரும் விண்டோ ஸ்பையை (மவுஸுக்குக் கீழே இருப்பது என்ன என்று காட்டும் கருவி) திறந்து 'ஃபாலோ மவுஸ்' என்பதில் டிக் போடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் மெனு திறந்திருக்கும்போது ஸ்பையில் கிளிக் பண்ணினால் மெனு மூடிவிடும். இப்போது மவுஸை மேலே உள்ள மெனு வரிசைமேல் வைத்து, 'கிளையண்ட்' என்ற வரியில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் இருந்து, அந்த இடத்தில் கன்ட்ரோல் (பட்டன், பெட்டி போன்ற விண்டோவின் உறுப்பு) எதுவும் காட்டவில்லை என்றால், பெரும்பாலும் அது அசல் விண்டோஸ் மெனுதான், விண்டோவின் உள்பகுதிக்கு வெளியே, தலைப்புப் பட்டைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. டூல்பார்விண்டோ32 என்று ஒரு கன்ட்ரோல் பெயர் வந்தால் அது மெனு வேஷம் போட்ட டூல்பார்.

அப்புறம் மெனுவைத் திறந்து, விரிகிற பட்டியல்மேல் மவுஸை வையுங்கள். கிளாஸ் (விண்டோவின் வகைப்பெயர்) #32768 என்று வந்தால் அந்தப் பட்டியல் விண்டோஸுடையது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: பட்டியல் #32768 என்பதால் மேல்வரிசையும் அசல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய எக்ஸ்ப்ளோரரில் மேலே டூல்பார், கீழே விரிவது அசல் பட்டியல். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டுமே அசல் என்றால் வேலை சுலபம். ஓட்டோஹொட்கீயின் இரண்டாம் பதிப்பில் மெனுசெலெக்ட் என்ற கட்டளை, பழைய பதிப்பில் வின்மெனுசெலெக்ட்ஐட்டம். மெனுவைத் திறக்காமலே, விண்டோ பின்னால் இருக்கும்போதே பெரும்பாலும் அது வேலை செய்யும். ஐட்டத்தின் பெயருக்குப் பதில் 3& (மூன்றாவது) என்று இடத்தையும் கொடுக்கலாம்; ஒரு கம்பியூட்டரில் மெனு சிங்களத்திலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் இருக்கிற ஆபிஸுக்கு இதுதான் நல்லது. ஆனால் நடுவில் வரும் பிரிப்புக் கோடும் ஓர் ஐட்டமாக எண்ணப்படும், அதை விட்டு எண்ணினால் பக்கத்து ஐட்டம் ஓடிவிடும். முதல் இடத்தில் 0& கொடுத்தால் ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் வருகிற சிஸ்டம் மெனு கிடைக்கும்.

ரைட் கிளிக் மெனு வேறு கதை. அது #32768 ஆக இருந்தாலும் மெனுசெலெக்ட் அதைத் தொடாது, ஏனென்றால் அது விண்டோவோடு கட்டப்பட்ட மெனு இல்லை, தேவைப்படும்போது மட்டும் எழும்புகிறது. ரைட் கிளிக் பண்ணி, வின்வெயிட் என்ற கட்டளையால் #32768 வரும்வரை காத்திருந்து, பிறகு அடிக்கோடிட்ட எழுத்தை அனுப்புங்கள். ஸ்லீப் (இவ்வளவு நேரம் சும்மா நில் என்ற கட்டளை) போட்டு ஊகிக்க வேண்டாம், பழைய கம்பியூட்டர் ஒரு நாள் வேகமாகவும் ஒரு நாள் மெதுவாகவும் ஓடும். ஒரே எழுத்து இரண்டு ஐட்டத்துக்கு இருந்தால் விண்டோஸ் ஓட்டாது, தெரிவை மட்டும் நகர்த்தும். அப்போது என்டரும் வேண்டும். விண்டோஸ் 11இல் ஃபைல்மேல் ரைட் கிளிக் பண்ணினால் புதிய மெனு வரும், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பண்ணினால் பழையது வரும்.

#32768 வரவே இல்லையா? அப்படியானால் புரோகிராம் தானே வரைகிறது. ஜாவா, எலெக்ட்ரோன், டபிள்யூபிஎஃப் ஆகியவற்றால் செய்த புரோகிராம்கள், விண்டோஸ் 11இன் புதிய நோட்பேட் எல்லாம் இந்தக் கூட்டம். இதற்கு யூஐ ஓட்டோமேஷன்தான் (திரையில் உள்ள உறுப்புகளை வேறு புரோகிராம் படிக்கவும் இயக்கவும் விண்டோஸ் தரும் வசதி, சுருக்கமாக யூஐஏ) வழி. விண்டோஸ் எஸ்டிகேயில் (புரோகிராம் எழுதுவோருக்கான கருவித் தொகுப்பு) வரும் இன்ஸ்பெக்ட் என்ற கருவியைத் திறந்து, கன்ட்ரோல் டைப் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மெனுஐட்டம் என்று வந்தால், அது எந்த பேட்டர்னை (இயக்கும் முறையை) தருகிறது என்பதையும் பாருங்கள்: இன்வோக் என்றால் நேரே ஓடும், எக்ஸ்பாண்ட்கொலாப்ஸ் என்றால் உள்ளே இன்னொரு பட்டியல் இருக்கிறது, டொகிள் என்றால் டிக் போட்டு எடுக்கிற ஐட்டம். வெறும் பட்டன் என்று வந்தால் பட்டனாகவே நடத்துங்கள். ஜாவாவுக்கு முதலில் ஜாவா அக்செஸ் பிரிட்ஜை (ஜாவா புரோகிராமின் உள்ளே இருப்பதை வெளியே காட்டும் இணைப்பு) ஓன் பண்ண வேண்டும். பைதன் மொழி தெரிந்தவர்களுக்கு இதே வேலைக்கு பைவின்ஓட்டோ என்ற லைப்ரரி இருக்கிறது. அசல் விண்டோஸ் வகைக்கு வின்32, மற்றதற்கு யூஐஏ என்று அதில் இரண்டு பேக்கெண்ட் (உள்ளே வேலை செய்யும் வழி) இருப்பதே இந்தப் பிரிவினால்தான். எந்த பேக்கெண்ட் என்று சொல்லாமல் விட்டால் அது வின்32ஐ எடுத்துக்கொள்ளும், புதிய புரோகிராமில் மெனுவே இல்லை என்று சொல்லிவிடும்.

எக்ஸெலில் இருப்பது 2007 பதிப்பிலிருந்து ரிப்பன் (மேலே பட்டன்கள் நிறைந்த பட்டை), மெனு இல்லை. அதை நோண்ட வேண்டாம், கொம் (ஒரு புரோகிராம் இன்னொன்றுக்கு நேரே கட்டளை கொடுக்க விண்டோஸ் தரும் வழி) வழியாக நேரே எக்ஸெலோடு பேசுங்கள், அதுதான் உறுதியானது.

வகையைச் சரியாகக் கண்டுபிடித்தும் எதுவும் போய்ச் சேரவில்லை என்றால், அந்த புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஸ்கிரிப்டையும் அப்படியே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் நடுவில் தடுத்துவிடும்.