பாயிண்டுகளுக்கு நடுவே 25 விநாடி

டென்னிஸில் ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்த சர்வுக்குள் 25 விநாடி கிடைக்கும். டபுள் ஃபால்ட் போட்ட (இரண்டு சர்வும் தவறி பாயிண்டை இழந்த) கோபத்தில் பலர் அதை அவசரப்பட்டு வீணாக்கிவிடுகிறார்கள். வலைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். மட்டையை மற்ற கைக்கு மாற்றி, ஆடும் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். ஸ்ட்ரிங்குகளை விரலால் நேராக்கிக்கொண்டே, இழுத்த மூச்சைவிட நீளமாக, மெதுவாக மூச்சை விடுங்கள். முன்னாள் டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா இப்படித்தான் பின்பக்கம் திரும்பி நின்று ஸ்ட்ரிங்குகளையே பார்ப்பார். பிறகு ஒரே ஒரு முடிவு: பந்தை எங்கே போடப்போகிறேன்? "தப்பு பண்ணிடக்கூடாது" என்ற நினைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், கை இறுகிப்போகும். ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கையில் பந்தைத் தட்டிவிட்டு சர்வ் போடுங்கள். செட் 5-5 என்று இழுபறியாக வரும்வரை காத்திருக்காமல் பயிற்சி ஆட்டத்திலேயே இதைப் பழகிவிடுங்கள்.