பூனையின் மோவாய்ப் பரு: பிதுக்காதீர்கள்

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் மோவாயில் கரும்புள்ளிகளைப் பார்த்ததும் அழுக்கு என்று துடைத்துப் பார்ப்பார்கள். அதனால் கேடில்லை. அதற்கு அடுத்ததாகச் செய்வதுதான் வினையாக முடிகிறது.

நகத்தால் பிதுக்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். தெரிந்தவர் ஒருவர் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தைய வாரம் வரை மிளகுத்தூள் தூவியது போல நாலைந்து புள்ளிகள்தான் இருந்தனவாம். "ஒவ்வொன்றாக எடுத்தேன், சுலபமாகத்தான் வந்தது" என்றார். மோவாய் ஒரு பக்கம் புடைத்து, ரோமம் ஒட்டிக்கிடந்தது. விலக்கிப் பார்த்தால் இரத்தம் கலந்த சீழ். கையை அருகில் கொண்டுபோனாலே பூனை தலையைத் திருப்பிக்கொண்டது.

அந்தப் புள்ளி, மயிர்க்காலுக்குள் அடைத்துக்கொண்ட கெரட்டினும் (தோலிலும் மயிரிலும் உள்ள புரதம்) எண்ணெய்ப் பசையும். மோவாயில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம்; பூனை கதவிலும் காலிலும் மோவாயைத் தேய்த்துத் தன் வாசனையைப் பதிப்பது அவற்றால்தான். அழுத்தினால் கொஞ்சம் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். மயிர்க்காலின் சுவர் உள்ளே கிழிவது தெரியாது. கிழிந்த இடத்தில் சிந்தும் கெரட்டினை உடல் அந்நியப் பொருளாக எதிர்க்கும். வீங்கும், பாக்டீரியா பெருகும், கட்டியாகும், வடுவும் விழலாம். வெறும் மேல்பூச்சோடு போயிருக்க வேண்டியதற்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்க நேர்கிறது.

சிவப்போ வலியோ இல்லாத சில புள்ளிகள் என்றால் அப்படியே விட்டுவிடலாம். செய்யத்தான் வேண்டுமென்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியைச் சிறிது நேரம் ஒற்றி வையுங்கள். இளகியது தானாக வரட்டும், தேய்க்காதீர்கள். கால்நடை மருத்துவர் சொன்னால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த துடைப்புத்தாள் பயன்படுத்தலாம். வீக்கம், சீழ், வலி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

நம் பரு மருந்தைத் தடவுவது

மனிதர்களுக்கான பென்சாயில் பெராக்சைடு 10 சதவீதம் வரை வீரியத்தில் வருகிறது. அது பட்டால் பூனையின் தோல் எரிந்து புண்ணாகலாம். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. ஸ்டீராய்டு களிம்பு, இருப்பது படர்தாமரையாக இருந்தால், அதை இன்னும் பரப்பும். தடவியதில் பாதி எப்படியும் பாதம் வழியாக வாய்க்குள் போய்விடும்.

பிளாஸ்டிக் கிண்ணம்

பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிடுவதும் பருவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எவர்சில்வருக்கோ கண்ணாடிக்கோ மாற்றி, தினமும் கழுவுங்கள்.

கறுப்பாக இருந்தாலே பரு என்பது

உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். ரோமம் கொட்டிச் செதில் எழுந்தால் படர்தாமரையோ டெமோடெக்ஸ் சிற்றுண்ணியோ இருக்கலாம்; தோலைச் சுரண்டி எடுத்தும் பூஞ்சை வளர்ப்புச் சோதனை செய்தும்தான் உறுதிப்படுத்த முடியும். கரும்புள்ளியே இல்லாமல் மோவாய் தடித்தால் அது வேறு நோயாக இருக்கலாம்.

ஆறியதும் மறந்துவிடுவது

பல பூனைகளுக்கு இது திரும்பத் திரும்ப வரும். மோவாய் ரோமத்தை அவ்வப்போது விலக்கிப் பாருங்கள்.