தள்ளுபடியை விட கப்புக்குக் காசு நல்லது

பெங்களூரு கல்லூரிகளில் தமிழ் மன்றம் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு, பேப்பர் கப்பைக் குறைக்க ஒரு யோசனை. பொங்கல் விழாவில், "காபி 12 ரூபாய், சொந்த டம்ளர் கொண்டு வந்தால் 2 ரூபாய் தள்ளுபடி" என்று எழுதி வைக்காதீர்கள். காபி 10, பேப்பர் கப் 2 என்று பிரித்து எழுதுங்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் கையை விட்டுப் போகும் காசுதான் உறைக்கும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்விலும் தள்ளுபடி பலிக்கவில்லை. கப்புக்குத் தனிக் கட்டணம் வைத்தபோதோ சொந்தக் கப் கொண்டு வருவோர் கூடினார்கள்.

அப்புறம், டம்ளர் இல்லாதவர்களுக்கு 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள். திருப்பித் தந்ததும் பணத்தை அங்கேயே கொடுத்துவிட வேண்டும், "நாளைக்கு வாங்க" என்று சொல்லக் கூடாது. கழுவுவதற்குக் குழாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.