பழைய வீயில் ஹோம்ப்ரூ: கார்டிலேயே விட்ட பேக்கப்பும் மற்ற தவறுகளும்

பள்ளி விடுமுறை தொடங்கினால் கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கு நின்டெண்டோவின் வீ கேம் கன்சோல்கள் வரத் தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது பிள்ளைகளுக்கு வாங்கிவந்து, டிஸ்க் சரியாகப் படிக்காமல் போனதும் பரணில் ஏற்றிய பெட்டிகள் அவை. இப்போது அந்தந்த வீட்டுப் பையன்கள் அவற்றை இறக்கித் துடைத்து, ஹோம்ப்ரூ (நின்டெண்டோ அல்லாமல் ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்) போட்டு, தங்களிடம் இருக்கும் டிஸ்க்குகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி ஆட நினைக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். நின்டெண்டோ வீக்கான இணையக் கடையை 2019 ஜனவரியிலேயே மூடிவிட்டது. இனி இந்தப் பெட்டிகளை உயிரோடு வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆனால் வருகிற பையன்களில் பலர், நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஜிப்பை விரிக்காமல் எஸ்.டி கார்டில் போடுவது, கார்டைப் பூட்டி வைத்துவிட்டு எழுதவில்லை என்று தவிப்பது, இதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தாமாகத் தெரிந்துவிடும். பொருளையே இழக்க வைக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அடாப்டரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

அமெரிக்காவிலிருந்து வந்த வீ என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. ஜப்பான் என்றால் 100. நம் வீட்டு மின்சாரம் 230. பிளக் பொருந்த ஒரு மாற்றி வாங்கிச் செருகிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது வோல்ட்டைக் குறைக்காது. கன்சோலுக்கு உள்ளே போவது 12 வோல்ட், 3.7 ஆம்பியர். நம் ஊர் மின்சாரத்துக்கான அடாப்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து ஹோம்ப்ரூ போட்டுக்கொள்வது

வேண்டாம். ஹோம்ப்ரூவைக் கன்சோலில் போட்டுத் தரும் ஹேக்மீ நிறுவியைத் திறந்ததும் முதலில் வரும் திரையே, இதற்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டீர்கள் என்றுதான் சொல்கிறது.

லெட்டர்பாம் வரவில்லை என்று மறுபடி மறுபடி முயல்வது

மெனு 4.3 பதிப்பாக உள்ள வீயில் ஹோம்ப்ரூ போடப் பெரும்பாலானோர் போகும் வழி லெட்டர்பாம். கன்சோலின் மேக் முகவரியையும் (அதன் நெட்வொர்க் அடையாள எண்) அது எந்த மண்டலத்துக்கானது என்பதையும் கொடுத்தால் ஒரு கோப்பு கிடைக்கும். அதைக் கார்டில் போட்டு வீயின் செய்திப் பலகையைத் திறந்தால் குண்டுப் படம் போட்ட ஒரு சிவப்பு உறை தெரியவேண்டும்.

தெரியாமல் போவதற்கு இங்கே முக்கால்வாசிக் காரணம் தேதி. வருடக்கணக்கில் பரணில் கிடந்த கன்சோலின் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்திருக்கும், அதனால் கன்சோல் ஏதோ ஒரு பழைய வருடத்தில் நிற்கும். கடிதமோ இன்றைய தேதியில் உட்கார்ந்திருக்கும். முதலில் அமைப்புகளில் தேதியைச் சரிசெய்யுங்கள். அப்புறமும் தெரியவில்லை என்றால் பலகையில் ஒரு நாள் பின்னால் போய்ப் பாருங்கள், நேற்றைய பக்கத்தில் இருக்கும். இதைச் செய்யாமல் கார்டை ஏழு தடவை பார்மட் செய்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். கார்டில் ஒரு குறையும் இல்லை.

பேக்கப் எடுக்காமல் போவது, எடுத்தாலும் கார்டிலேயே விட்டுவைப்பது

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீயின் உள்ளே 512 எம்பி அளவில் ஒரு நாண்ட் நினைவகம் இருக்கிறது. கன்சோலின் மெனு, சேனல்கள், ஆட்டச் சேமிப்புகள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் செய்துவைத்த மீ முகங்கள், எல்லாம் அதில்தான். ஹோம்ப்ரூ நிரல்களைத் திறக்கும் ஹோம்ப்ரூ சேனலோடு சேர்த்து பூட்மீ என்ற ஒன்றையும் ஹேக்மீ நிறுவி போட்டுத் தரும். அந்த பூட்மீயால் நாண்ட் முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகக் கார்டில் இறக்க முடியும். நாளைக்கு ஏதாவது கெட்டால் அந்தக் கோப்பைத் திருப்பி எழுதினால் கன்சோல் பழைய நிலைக்கு வந்துவிடும். இலவசம். ஒரு தேநீர் குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் வேலை முடிந்துவிடும்.

நானும் 2012-இல் எடுத்தேன், எடுக்காமல் இல்லை. 2 ஜிபி கார்டில் எடுத்து, கோப்பு வந்துவிட்டதைப் பார்த்து, கார்டை வீயிலேயே விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ராத்தா மகள் நிக்காஹ். கேமராவுக்குக் கார்டு போதவில்லை. வீயில் இருந்ததை உருவி, கேமராவிலேயே பார்மட் செய்து படம் எடுத்தோம். பேக்கப் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த மாதம் வீயின் மெனுவுக்கு ஒரு புதிய தீம் போட ஆசைப்பட்டேன். தீம் கோப்புகள் மெனு பதிப்புக்கும் மண்டலத்துக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை. என்னுடையது ஐரோப்பிய 4.3, நான் போட்டது அமெரிக்கக் கன்சோலுக்கானது. மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரை. ப்ரீலோடர் போட்டிருந்தால் மெனுவுக்கு முன்னாலேயே நிறுத்தி ஹோம்ப்ரூவுக்குள் நுழைந்திருக்கலாம். அதையும் நான் போட்டிருக்கவில்லை. என் கன்சோல் பின்னால் தயாரானது, அதனால் பூட்மீ அதில் ஐ.ஓ.எஸ் (வீயின் உள் மென்பொருள், ஐபோனுடையது அல்ல) ஆக மட்டுமே உட்கார்ந்திருந்தது. மெனு வந்தால்தான் அதை எட்டமுடியும், மெனுவே வரவில்லை.

மதுரையில் சிப் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். நாண்ட் சிப்பில் கம்பி வைத்து வெளியிலிருந்தே எழுதலாம், பேக்கப் கோப்பு இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். விடுமுறைக்கு வந்துபோன பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து செய்த முப்பத்தாறு மீ முகங்களும் அதோடு போயின. இன்றைக்கும் யாராவது "பேக்கப் அப்புறம் எடுத்துக்கலாம் காக்கா" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "காக்கா, ரிமோட் வேலை செய்யல, அதான் விட்டுட்டேன்." பூட்மீயில் வீ ரிமோட் வேலை செய்யாது, அது அப்படித்தான். கன்சோலின் முன்பக்கத்துப் பவர் பட்டனை அழுத்தினால் அடுத்த குறிக்கு நகரும், ரீசெட்டை அழுத்தினால் தேர்வாகும். கேம்கியூப் கன்ட்ரோலர் இருந்தால் அதுவும் ஓடும். பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, கன்சோல் உறைந்துவிட்டது என்று வயரைப் பிடுங்கியிருக்கிறான். நல்லவேளை, எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

எடுக்கும்போது திரையில் கட்டங்கள் நிரம்பிக்கொண்டே போகும். நடுவில் ஒன்றிரண்டு கெட்ட பிளாக் என்று காட்டினால் பயப்படாதீர்கள், தயாரிப்பிலிருந்தே அப்படிச் சில இருப்பது சகஜம். முடிந்ததும் கார்டைக் கணினியில் போட்டு கோப்பின் அளவைப் பாருங்கள். சரியாக 55,36,49,152 பைட் இருக்கவேண்டும். குறைந்தால் மறுபடி எடுங்கள். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வீ பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அந்தக் கோப்பையும் கூடவே இருக்கும் சாவிக் கோப்பையும் கார்டிலிருந்து கணினிக்கு மாற்றுங்கள். கணினி ஒன்று மட்டும் போதாது, இன்னொரு இடத்திலும் வையுங்கள். மெயிலோடு வரும் இலவச இணையச் சேமிப்பிலேயே இடம் இருக்கும். எந்தக் கன்சோலுக்கானது என்று சீரியல் எண்ணைப் பெயரில் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு வீயின் நாண்ட் அந்த வீக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டது. மச்சான் வீட்டு வீயின் பேக்கப் உங்கள் வீக்கு உதவாது. "பக்கத்து வீட்டுலயும் இதே வெள்ளை வீதான், அதுல இருந்து எடுத்துக்கலாமா?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். முடியாது.

மின்வெட்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேக்கப் எடுக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்பு அரைகுறையாகும், அவ்வளவுதான், கன்சோலுக்கு ஒன்றும் ஆகாது. பேக்கப்பைத் திருப்பி எழுதும்போதும் சி.ஐ.ஓ.எஸ் (ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஆடுவதற்காக மாற்றிய ஐ.ஓ.எஸ்) நிறுவும்போதும் போனால்தான் ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டரை நம்பாதீர்கள். அது மாறும் அந்த ஒரு நொடிக்குள் கன்சோல் அணைந்து எழலாம். கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ்ஸில் செருகி வேலையைச் செய்யுங்கள். இல்லையென்றால் கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். திருப்பி எழுதுவதும் கடைசி வழியாக இருக்கட்டும், ப்ரீலோடரால் தீரும் கோளாறுக்கு நாண்ட் முழுவதையும் எழுதவேண்டியதில்லை.

ஆக வரிசை இது: ஹோம்ப்ரூ சேனல், பூட்மீ, உடனே பேக்கப், பேக்கப் கணினிக்குப் போனபிறகு ப்ரீலோடர், அதற்கப்புறம்தான் சி.ஐ.ஓ.எஸ், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஆட்டத்தை ஓட்டும் லோடர் எல்லாம். டி2எக்ஸ் சி.ஐ.ஓ.எஸ்ஸை 249-ஆவது இடத்தில் ஐ.ஓ.எஸ் 56-இன் அடிப்படையிலும் 250-ஆவது இடத்தில் ஐ.ஓ.எஸ் 57-இன் அடிப்படையிலும் போடுவது வழக்கம். தீம் ஆசை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வீ யூவுக்கு வீ வழிகாட்டியைப் பின்பற்றுவது

கூடாது. வீக்கு அடுத்து வந்த கன்சோலான வீ யூவின் உள்ளே இருக்கும் வீ வேறு, அதற்கான சி.ஐ.ஓ.எஸ் நிறுவியும் வேறு. மாற்றிப் போட்டால் அந்தப் பகுதியே செயலிழந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கைப் பழைய முறைப்படி பார்மட் செய்வது

ஆரம்ப காலத்து வழிகாட்டிகள் டிஸ்க் முழுவதையும் டபிள்யூ.பி.எஃப்.எஸ் என்ற தனி அமைப்புக்கு மாற்றச் சொல்லின. இன்னும் சிலர் அதைப் படித்துச் செய்கிறார்கள். அந்த டிஸ்க்கைக் கணினியில் செருகினால் விண்டோஸுக்கு அது புரியாது. பார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வீட்டில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக இறக்கிவைத்த ஆட்டங்கள் எல்லாம் போய்விடும்.

இன்றைக்குச் சரியான முறை ஃபேட் 32. பார்ட்டிஷன் அட்டவணை எம்.பி.ஆர் ஆக இருக்கட்டும், கிளஸ்டர் அளவு 32 கேபி. விண்டோஸின் வழக்கமான பார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட்டையும் என்.டி.எஃப்.எஸ்ஸையும்தான் பெரும்பாலும் காட்டும். எக்ஸ்ஃபேட்டை ஹோம்ப்ரூ சேனல் படிக்காது. ஃபேட் 32-க்கென்று தனியே ஒரு சின்னக் கருவியை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபேட் 32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டமுடியாது என்பதால் பெரிய ஆட்டங்கள் இரண்டு துண்டாக உட்காரும். அது பிழையில்லை. இரண்டாவது துண்டை வேண்டாத கோப்பு என்று அழித்துவிட்டு, ஆட்டம் பாதியில் நிற்கிறது என்று வந்தவர்கள் உண்டு.

வீயின் பின்னால் இரண்டு யூ.எஸ்.பி துளைகள். கன்சோலின் ஓரத்தை ஒட்டியிருக்கும் துளையில் டிஸ்க்கைச் செருகுங்கள், லோடர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். சின்னப் போர்ட்டபிள் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் அதற்கு மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு முனை உள்ள ஒய் கேபிளை வாங்கி மறுமுனையை இரண்டாவது துளையில் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பென்டிரைவ்

ஒன்று ஓடும், அதே விலைக்கு வாங்கிய இன்னொன்று ஓடாது. ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

அப்டேட் கேட்டால்

மறுத்துவிடுங்கள். ஆட்ட டிஸ்க்குக்குள்ளேயே அப்டேட் இருக்கும், வேறு மண்டலத்து டிஸ்க்கிலிருந்து அதை ஏற்றினால் அமைப்புகள் பக்கமே திறக்காமல் போகலாம். ப்ரீலோடரில் டிஸ்க் அப்டேட்டைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்துவிடுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை மறப்பது

எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் கீழக்கரையிலோ தொண்டியிலோ மண்டபத்திலோ இருந்து எழுதவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால் டிவி மேசை மேல் விரலால் கோடு போடலாம், உப்பும் பொடிமணலும் அப்படி ஏறியிருக்கும். அதே உப்பு கார்டு துளையின் செம்புப் பற்களிலும் யூ.எஸ்.பி முனையிலும் படிகிறது. கார்டு தெரியவில்லை, டிஸ்க் நடுவில் துண்டித்துக்கொள்கிறது என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது அந்தப் பச்சைப் படிவத்தைத்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் யூ.எஸ்.பி முனையையும் கார்டின் தங்க நிறப் பட்டைகளையும் துடையுங்கள், முழுக்கக் காயவிடுங்கள், அப்புறம் மாட்டுங்கள். மண்ணெண்ணெயாலோ வாசனை ஸ்பிரேயாலோ துடைக்காதீர்கள்.

ஆடாத நாட்களில் கன்சோலைப் பருத்தித் துணியால் மூடி வையுங்கள். ஆடத் தொடங்கும்போது துணியை முழுக்க எடுத்துவிடுங்கள், பின்னால் விசிறி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கையும் கார்டையும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க் மட்டும் தனி டப்பாவில், வீ இருக்கும் அறையில் இல்லாமல், உம்மாவின் அலமாரியில் இருக்கிறது.