கப்பல் சுற்றுலாவுக்கு முன் கிரீன் கார்டைப் பாருங்கள்

அமெரிக்கப் பிள்ளைகளோடு கப்பல் சுற்றுலா கிளம்பும் சேலத்துப் பெற்றோருக்கு இது. உங்கள் கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் அட்டை) காலாவதியாகி, புதுப்பிக்க ஐ-90 விண்ணப்பம் போட்டாயிற்றா? சரி, பயம் வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து, அதற்கு வரும் ரசீதுக் கடிதமே கார்டின் காலாவதி தேதிக்கு மேல் 36 மாத நீட்டிப்பு தருகிறது. ஆனால் அசல் கடிதமும் பழைய கார்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். எங்கள் பெரியம்மா கடிதத்தை அஸ்தம்பட்டி வீட்டு பீரோவிலேயே வைத்துவிட்டு, போனில் படம் மட்டும் கொண்டுபோனார். கப்பலில் ஏற்றவில்லை, பேரன் அழுததுதான் மிச்சம்.

கார்டு தொலைந்திருந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே குடிவரவு அலுவலகத்தில் கார்டுக்குப் பதிலாகக் காட்ட பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை கேளுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். அப்புறம், கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று தனித்தனியாகப் பாருங்கள்.